மலிவுச் சீட்டின் மாண்பு: கணவாயியல் நோக்கில் ஓர் ஆய்வு

வாளையாற்றிலிருந்து குமுளி வரை நீளும் எல்லைப்புறத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர் செல்போனில் என்ன ஆடுகிறார் என்பது பற்றி நம் அறிஞர் பெருமக்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை. கல்வெட்டுக்கும் சுவடிக்கும் கொடுத்த கவனத்தில் காலே அரைக்கால் பங்கை ஹார்த்ஸ்டோன் என்னும் செல்போன் சீட்டாட்டத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆட்டத்தின் இலக்கணம் எளிது. பிளிஸார்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. ஆளுக்கு 30 சீட்டு, 30 உயிர். சீட்டை இறக்கச் செலவிடும் மானா முதல் முறை ஒன்று, அடுத்த முறை இரண்டு என்று பத்து வரை ஏறும். வசதியானவர்கள் எட்டு, ஒன்பது மானாவுக்குப் பூதங்களை வளர்த்துக் காத்திருப்பார்கள். மலிவுக்கட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒன்று, இரண்டு மானாச் சில்லறைகளை இறக்கி, எதிரில் நிற்கும் படையை ஏறெடுத்தும் பாராமல் நேரே மூஞ்சியில் அடிப்பார். அவர் வேட்டைக்காரன் என்னும் நாயகனாக ஆடினால் கையில் சீட்டே இல்லாவிட்டாலும் இரண்டு மானாவுக்கு இரண்டு அடி உறுதி. மூன்று மானாவுக்கு ஓநாய்ச் சவாரிக்காரன் வந்தால் இறங்கிய கையோடு மூன்று அடி.

‘மலிவு’ இங்கே இருபொருள்படும். ஆட்டத்தில் சீட்டின் விலை தூளில்: ‘லெஜண்டரி’ என்னும் உயர்ரகச் சீட்டு ஒன்றைச் செய்துகொள்ள 1600 தூள் வேண்டும். சாதாரணச் சீட்டுக்கு 40 போதும். அதாவது ஒரேயொரு மகாபுருஷனின் விலையில் 30 சாதாரணர்களைக் கொண்ட முழுக்கட்டையும் செய்துவிட்டு, 400 தூளை மிச்சமும் பிடிக்கலாம். இந்தக் கணக்கை நிதியமைச்சர்கள் கவனிக்கலாம்; கவனிக்கமாட்டார்கள்.

மேலைநாட்டார் இக்கொள்கையின் பிறப்பை 1996-இல் வைப்பர். அட்லாண்டாவில் நடந்த ‘மேஜிக்’ சீட்டாட்டத் தகுதிச்சுற்றில் பால் ஸ்லை என்பவர் குட்டிக் குட்டிச் சீட்டுகளோடு போய் இரண்டாமிடம் பெற்றார். கட்டு ஜே ஷ்னைடர் வகுத்தது. ஒரு தத்துவத்தின் மூலபுருஷர் முதலிடம் பெறவில்லை என்பதை மேலைநாட்டார் பெருந்தன்மையோடு மறந்துவிட்டனர். எம் கருத்தில் இக்கொள்கை அதற்கு எவ்வளவோ முன்பே மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறையாகவே இருந்தது.

பாலக்காட்டைப் பாருங்கள். மலை தானாகவே 30 கிலோமீட்டருக்கு மேல் விலகி வழிவிடுகிறது. ஏறவேண்டாம், குடையவேண்டாம், நேரே போய் அடிக்கலாம். 1766-இல் ஹைதர் அலி அங்கே கோட்டை கட்டியதும், 1862-க்குள் சென்னையிலிருந்து பேப்பூருக்கு ரயில் ஓடியதும் இந்தச் சௌகரியத்தால்தான். இதுவே கணவாய் மரபு.

இடுக்கியோ நேர்மாறு. குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கு நடுவே சுமார் 169 மீட்டர் உயரத்துக்கு வளைவணை எழுப்பி, பெரியாற்றைத் தேக்கி, 1976-இல் மின்சாரம் எடுத்தார்கள். பெரிய சீட்டுகளைக் கையில் தேக்கிவைத்துப் பத்தாம் முறையில் கொட்டுகிற அணை மரபு அது. அதன் பலவீனத்துக்கும் சான்று அதே மாவட்டத்தில் உண்டு. மூணாறில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், டாப் ஸ்டேஷன், அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே என்று அடுக்கடுக்காகப் பலகையை நிரப்பினார்கள். 1924 வெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்கிற அந்த ஒற்றைச் சீட்டு ரயிலை வாரிக்கொண்டு போயிற்று. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்தவனுக்கு இதுதான் கதி.

இங்கே ஒரு தடை எழும். முல்லைப்பெரியாறு அணை? 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய், 8000 ஏக்கர். இது மலிவுக்கட்டா, மந்தக்கட்டா? விலையில் முன்னது, ஆட்ட நீளத்தில் பின்னது. இதில் தீர்ப்புச் சொல்ல இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றமும் இருக்கும்போது யாம் தலையிடுவது முறையன்று.

கள நிலவரம் எம் பக்கமே. மறையூரில் ஏறி உடுமலைப்பேட்டை போகிறவருக்குச் சின்னாறு காட்டில் சிக்னல் நழுவும். போடிமெட்டில் இறங்குகிறவருக்குக் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தரம் கோடுகள் குறையும். எதிராளியோ ஒவ்வொரு முறைக்கும் உரிய 75 விநாடியையும் தின்று, திரையில் கயிறு எரிந்து கடைசி நூல் அறும் மட்டும் யோசிப்பார். அந்த நிலத்தில் பத்தாம் முறைக்குத் திட்டமிடுகிறவர் ஆட்டக்காரர் அல்லர், பக்தர். ஆறு முறைகளில் மொத்தம் கிடைப்பது 21 மானா. அதற்குள் 30 உயிரை வாங்கவேண்டும், அல்லது அடுத்த வளைவுக்குள் தோற்றுவிடவேண்டும். எதிரி நம் அடிகளை வழிமறிக்கும் கேடயக்காரன் ஒருவனை நிறுத்தி, உயிரையும் ஏற்றிக்கொண்டால் நம் கை காலி. உடனே பற்சக்கரத்தைத் தொட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடலாம். தோல்வியிலும் சிக்கனம் இக்கட்டின் தனிச்சிறப்பு. உரையாசிரியர்கள் விட்டுவிட்ட இடம் இது.

ஒரு குறை மட்டும் உண்டு. இதே ஊர்களில் மரத்தடியில் ஆடும் ‘இருபத்தெட்டு’ச் சீட்டாட்டத்தில் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஏழாம் சீட்டுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் துருப்பு ஏழு, வேறு இனத்து ஜாக்கியை வெட்டும். அங்கேயும் மலிவுச் சீட்டுக்கு மாண்பு உண்டு; ஆனால் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்காரவேண்டும். செல்போனில் தோற்றவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே பஸ்ஸிலும் குணுக்கைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைக்கிறோம். டிக்கெட் கேட்டு வரும் கண்டக்டரிடம் அதற்கு என்ன விளக்கம் சொல்வது என்பதைத் தனிக் கட்டுரையில் காண்போம்.