இரண்டாம் இடத்தில் வினை

பெங்களூரில் குடியிருக்கும் தமிழன் கற்க வேண்டிய மொழிகளை வரிசைப்படுத்தினால், முதலில் கன்னடம், அடுத்து ஆட்டோக்காரருக்கும் செக்யூரிட்டிக்குமாகக் கொஞ்சம் இந்தி. ஸ்வீடிஷ் அந்தப் பட்டியலிலேயே வராது. நான் பணம் கட்டிச் சேர்ந்தது ஸ்வீடிஷ் வகுப்பில்.

ஊருக்கும் ஸ்வீடனுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒசகோட்டையில் 1998-லிருந்து வோல்வோ லாரிகள் தயாராகின்றன. நாகசந்திராவில் 2022 ஜூனில் ஐகியா திறந்தார்கள். எங்கள் கம்பெனிக்கும் தலைமையகம் அந்தப் பக்கம்தான். நாலு வார்த்தை ஸ்வீடிஷ் தெரிந்தால் ஆன்சைட் அனுப்புவார்கள் என்று ஒரு நப்பாசை. அனுப்பினார்கள், ஸ்வீடிஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரை.

"இங்கிலீஷ் தெரிந்தால் ஸ்வீடிஷ் சுலபம், ரெண்டும் பங்காளி மொழிகள்" என்றார்கள். உண்மைதான், இரண்டும் ஜெர்மானியக் குடும்பம். ஆனால் நான் தமிழில் யோசித்து, இங்கிலீஷில் மாற்றி, அதன் பிறகு ஸ்வீடிஷுக்குப் போகிறவன். நான் போய்ச் சேர்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்.

முதல் அடி வினைச்சொல்லில் விழுந்தது. சாதாரண வாக்கியத்தை எதில் தொடங்கினாலும் சரி, ஸ்வீடிஷில் வினை இரண்டாவதாகத்தான் வர வேண்டும். "இன்று நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன்" என்பது "இடாக் ஆர்பெட்டார் யாக் ஹெம்மா". அதாவது, இன்று – வேலை செய்கிறேன் – நான் – வீட்டில். 'இன்று' முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டதால், 'நான்' எழுந்து வினைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். இங்கிலீஷில் 'டுடே ஐ வொர்க்' என்று பழகிய வாய் "இடாக் யாக்" என்றே ஆரம்பிக்கும். ஜோசியத்தில் இரண்டாம் இடத்தை வாக்கு ஸ்தானம் என்பார்கள். என் ஜாதகத்தில் அங்கே சனி.

அடுத்தது 'இன்டெ'. நம்ம 'இல்லை'தான். "ஹான் கொம்மெர் இன்டெ" என்றால் அவன் வரவில்லை. நம்மைப் போலவே வினைக்குப் பின்னால் 'இல்லை' வருகிறதே என்று அகமகிழ்ந்தேன். "அவன் வரவில்லை என்று தெரியும்" என்று வாக்கியம் கொஞ்சம் நீண்டதும் அந்த 'இன்டெ' துள்ளி வினைக்கு முன்னால் போய்விட்டது: "யாக் வெட் அட் ஹான் இன்டெ கொம்மெர்." துணை வாக்கியத்தில் அப்படித்தானாம். இதை நினைவில் வைக்க ஸ்வீடிஷ் வாத்தியார்கள் 'பிஃப்' என்று ஒரு எழுத்துச் சுருக்கம் வைத்திருக்கிறார்கள். அந்த மொழியில் பிஃப் என்றால் மாட்டிறைச்சித் துண்டு. எங்கள் வீடு சைவம். அதனாலோ என்னவோ, விதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பெயர்ச்சொல்லிலும் இரண்டு ஜாதி: 'என்', 'எட்'. எது எந்தப் பக்கம் என்பதை பெரும்பாலும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு 'என்' என்று கேள்விப்பட்டதும், எல்லாவற்றுக்கும் 'என்' போட்டுத் தப்பிக்கலாம் என்று திட்டமிட்டேன். பெயர், வேலை, வீடு, தண்ணீர், ரொட்டி எல்லாம் 'எட்'. அறிமுகம் செய்துகொள்ள வாயைத் திறந்தாலே ஃபெயில்.

இதில் பெரிய அவமானம் குழந்தை. நாய்க்கு 'என்', குழந்தைக்கு 'எட்' என்றதும், "இதென்ன, குழந்தை அஃறிணையா?" என்று வகுப்பில் கேட்டுவிட்டேன். அன்று இரவு மனைவியிடம் நான் சொன்னது: "குழந்தை அழுவுது பாரு."

ஒரே ஒரு நாள் முதல் மாணவனாக இருந்தேன். அது உறவுமுறைப் பாடம். அம்மாவின் அம்மா 'மூர்மூர்', அப்பாவின் அம்மா 'ஃபார்மூர்'. அம்மாவின் சகோதரன் ஒரு சொல், அப்பாவின் சகோதரன் வேறு சொல், அத்தைக்குத் தனிச் சொல். எல்லாரையும் ஆன்ட்டி, அங்கிள் என்றே கூப்பிட்டு வளர்ந்தவர்கள் திணற, நான் படபடவென்று ஒப்பித்தேன். இன்றுவரை எந்த ஆபீஸ் மீட்டிங்கிலும் என் அத்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மரியாதை கொடுக்கப் போய்ப் பட்டது தனி. ஸ்வீடிஷில் 'நி' என்றால் பன்மை. ஒரு காலத்தில் நம் 'நீங்கள்' போலவும் புழங்கியது. நம் வாய்க்கு 'நி' என்றாலே ஒருமை. பெரியவரைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி 'டூ'வுக்கு, அதாவது அவர்களுடைய 'நீ'க்கு மாறினேன். அந்த நாட்டில் 1967-லேயே மருத்துவத் துறைத் தலைவர் ப்ரூர் ரெக்சேட், இனி எல்லாரையும் 'டூ' என்றே அழைப்பேன் என்று அறிவித்துவிட்டாராம். சில வருஷங்களில் நாடே அப்படி மாறிவிட்டது. நானும் தைரியமாக மேலதிகாரியை 'டூ' என்றேன். கூடவே 'சார்' என்றும் சேர்த்தேன்.

வீடியோ காலில் நான் ஸ்வீடிஷில் ஆரம்பித்தால் ஸ்டாக்ஹோம்காரர்கள் முழு வாக்கியத்தையும் பொறுமையாகக் கேட்பார்கள். பிறகு அருமையான இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். அவர்கள் நல்லவர்கள்.

இதற்கு நடுவில் வீட்டு ஓனரம்மா ஒருநாள் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல "கன்னடா கொத்தில்லா" என்றேன். உடனே என் பையன் திருத்தினான்: "அப்பா, நாளைக்கு ஊருக்குப் போறோமான்னு கேக்கறாங்க. 'நாவு நாளெ ஊரிகெ ஹோக்தீவி'ன்னு சொல்லு." நாங்கள், நாளைக்கு, ஊருக்கு, போகிறோம். வினை கடைசியில், தமிழில் நிற்கிற அதே இடத்தில். 'போ'வை 'ஹோகு' ஆக்கினால் போதும்; பால் 'ஹாலு', பத்து 'ஹத்து'. எந்தச் சொல்லும் எழுந்து இடம் மாற வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக இலவசமாகக் கிடைத்தது இது.

உங்களில் யாராவது ஸ்வீடிஷ் கற்கப் போவதாக இருந்தால், நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன். முதல் நாலு பாடங்களில் மட்டும்தான் பென்சில் கோடு, மீதி புத்தம்புதுசு.