ஊசிக்குள் அணுகுண்டு

2009 ஏப்ரலில் சவுதி அரேபியாவில் பழைய சிங்கர் தையல் மிஷினுக்கு வந்த மவுசு, தங்கத்துக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்திருக்கும். மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பாட்டி காலத்துக் கறுப்பு மிஷினுக்கு இரண்டு லட்சம் ரியால் வரை விலை பேசினார்கள். அதன் ஊசியில் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம். அப்படியொரு பொருள் இருப்பதாக எந்த விஞ்ஞானியும் இதுவரை நிரூபிக்கவில்லை. அதனால் என்ன, இல்லாத சரக்குக்குத்தான் குணம் சொல்வது சுலபம். புதையலைக் காட்டும், ஜின்னை வரவழைக்கும், அணுகுண்டே செய்யலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தையல் கடைப் பூட்டை உடைத்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போன கூத்தும் நடந்தது.

இதில் பரிசோதனை முறைதான் உச்சம். செல்போனை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். லைன் கட்டானால் உள்ளே பாதரசம் இருக்கிறது என்று அர்த்தம்!

இந்தச் சங்கதியை அன்றைக்குத் திருப்பூரில் நம்பியிருந்தால் என்னாகியிருக்கும்? தகர ஷீட் போட்ட பனியன் கம்பெனிக்குள் கால் வைத்தாலே அப்போதெல்லாம் லைன் கட்டாகும். அந்தக் கணக்கில் காதர்பேட்டையிலிருந்து அனுப்பர்பாளையம் வரை அணு வல்லரசுதான்.

நம் ஊரில் 'சிங்கர் டெய்லர் தேவை' என்று போர்டு தொங்காத கம்பெனி கேட் அபூர்வம். அந்த டெய்லரிடம் போய் ஊசிக்குள் பாதரசம் என்று சொல்லிப் பாருங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் சும்மா மாற்றிவிட முடியாது. குழந்தை உடுப்பில் ஊசிமுனை போய்விட்டால் மொத்த ஆர்டரும் போச்சு. அதனால் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கைக்கு வரும். ஒரு துண்டு குறைந்தாலும் மிஷின், தரை, தைத்த கட்டு எல்லாவற்றையும் கிளறித் தேட வேண்டும். இத்தனை ஊசிகளை உடைத்தும் ஒட்டியும் பார்த்த ஊரில் பாதரசம் யார் கண்ணிலும் படவில்லை. உள்ளே சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அது விரலில் ஊசி இறங்கிய டெய்லரின் ரத்தம்.

சவுதிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை நமக்கு ஏழு வருஷம்தான் இருந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. ரோஸ் கலரில் 2000 ரூபாய் நோட்டு வந்தது. கூடவே வாட்ஸப்பில் 'நானோ ஜிபிஎஸ் சிப்' வந்தது. நோட்டை 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக் கொடுத்துவிடுமாம். அதாவது கிட்டத்தட்ட நானூறு அடி. பல்லடம் பக்கம் அந்த ஆழத்துக்கு போர் போட்டுத் தண்ணி கிடைக்காமல் வயிறெரிந்தவர்களைக் கேளுங்கள். இந்த சிப் கதையைக் கோட்டு சூட்டு போட்டு, கிராபிக்ஸ் சகிதமாக டிவியில் விளக்கியவர்கள் படிக்காதவர்கள் இல்லை. ரிசர்வ் வங்கி அப்படியொன்றும் கிடையாது என்று சொன்ன பிறகும் சிப் பறந்துகொண்டுதான் இருந்தது.

ஜிபிஎஸ் சாட்டிலைட் பாவம், தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் சொல்லி சிக்னல் அனுப்புவதோடு சரி. அதை வாங்கிக் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் கையில் இருக்கும் போன். அதற்கு பேட்டரி வேண்டும். கண்டுபிடித்ததை அடுத்தவனுக்குச் சொல்ல டவர் வேண்டும். நோட்டில் இருப்பதோ பருத்தி; பனியனுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பேன்ட் பாக்கெட்டில் மறந்துபோய்த் துவைத்து, கொடியில் காயப்போட்டு, அயர்ன் பண்ணி டீக்கடையில் நீட்டுகிற ஊர் இது. சிப் இருந்திருந்தால் அயர்ன் டேபிளிலேயே கருகியிருக்கும்.

பணத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று திருப்பூருக்குப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. அதே 2016 மே மாசம், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பெருமாநல்லூர் பக்கம் பிடிபட்டது. எங்கள் பணம்தான், கோயம்புத்தூரிலிருந்து விசாகப்பட்டினம் போகிறது என்றது ஸ்டேட் பாங்க். அந்த லாரிகளை மடக்கியது வானத்தில் சுற்றும் சாட்டிலைட் இல்லை, ராத்திரி ரோட்டில் தூக்கம் கெட்டு நின்ற பறக்கும் படை.

நோட்டு செல்லாமல் போன அந்த நவம்பர் மாசத்துச் சனிக்கிழமைகளில் 2000 நோட்டு எங்கே இருக்கிறது என்று அறிய விண்வெளிக்குப் போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. "சில்லறை இல்லீங்கக்கா" என்று மளிகைக் கடைக்காரர் கையை விரித்த இடத்தில், பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கிய செக்கிங் அக்காவின் கையில் இருந்தது.

2023 மே 19 அன்று அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, 3.56 லட்சம் கோடி ரூபாய்க்கு அது புழக்கத்தில் இருந்தது. 98 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்துவிட்டது, ஜனங்களே கொண்டுபோய்க் கொடுத்து. மிச்சத்தைத் தேடி யாரும் சாட்டிலைட்டைத் திருப்பவில்லை. உங்களிடம் இருந்தால் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம்.