அசல் ஆசாமி

புக்கரெஸ்டின் பழைய கடைத்தெருவில் சாப்பாட்டு நேரத்தில் அசலைத் தேடும் இந்தப் பயணியைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் நாலு மொழியில் மெனு தொங்கினால் முகம் சுளித்து அடுத்த தெருவுக்கு நடப்பார். அங்கேயும் தொங்கும். கால் வலித்ததும் முதல் கடைக்கே திரும்பி, ‘கலப்பில்லாத, அசல் ருமேனியச் சாப்பாடு எது?’ என்பார். சொன்னால் விடமாட்டார். ‘உங்கள் பாட்டி இப்படித்தான் செய்வாரா?’ இருபது வயதுப் பரிசாரகன் பாட்டியைக் கேட்காமல் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது இவர் எண்ணம்.

இவர் தேடும் அசலைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சர்மாலே வருகிறது: கொத்திய இறைச்சியும் அரிசியும் பிசைந்து, உப்புநீரில் புளித்த முட்டைக்கோஸ் இலையில் விரல் பருமனுக்குச் சுருட்டி, மணிக்கணக்கில் வேகவைத்தது. பெயர் துருக்கியிலிருந்து வந்தது. சுற்றுவது என்று பொருள். மாட்டு இரைப்பை போட்ட புளிப்புச் சூப்புக்கும் ‘சொர்பா’ என்று துருக்கிப் பெயர்தான். பல நூற்றாண்டுகள் சுல்தானுக்குக் கப்பம் கட்டிய சீமை. கப்பம் போன வழியிலேயே சமையல் திரும்பி வந்தது. நூலால் அறுத்துப் பரிமாறும் மமலிகா எனும் மக்காச்சோளக் களியாவது உள்ளூரா என்றால், மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அது வருமுன் ருமேனியாவில் சிறுதானியக் களி. சொர்பாவுக்குக் கடித்துக்கொள்ளத் தரும் மிளகாயும் அதே கப்பலில் வந்ததுதான். (அதை ரொம்பக் கிளறினால் நம் சமையலறையும் மாட்டிக்கொள்ளும்.) கிறிஸ்துமஸுக்குக் கட்டாயமான ‘சலாத்தா தெ பெஃப்’ பிரெஞ்சில் மாட்டிறைச்சியைப் பெயராகச் சூடியது, பல வீடுகளில் உள்ளே இருப்பது கோழி.

அப்படியானால் ருமேனியச் சமையலென்றே ஒன்று இல்லையா என்று இவர் கேட்கலாம். உண்டு. கோதுமைத் தவிட்டைப் புளிக்கவைத்த நீரை ஊற்றிச் சொர்பாவுக்குப் புளிப்பேற்றுவதிலும், சர்மாலேக்குப் பக்கத்தில் களியையும் புளித்த பாலேட்டையும் வைப்பதிலும் இருக்கிறது. பிறந்த இடத்தில் அல்ல, பழகிய கையில். ‘என்னைப் போன்றவர்கள் கேட்காவிட்டால் எல்லாம் அழிந்து ஷவர்மா மட்டுமே மிஞ்சும்’ என்பது இவரது அடுத்த கவலை. மே 1-ஆம் தேதி விடுமுறையில் அந்த நாட்டுப் புல்வெளிகளில் எழும் புகையைப் பார்த்தால் இது தெளியும். பூண்டு மணக்க ‘மிச்’ எனும் இறைச்சி உருளைகளை வாட்டுகிறவர்களில் ஒருவரும் பாரம்பரியத்தைக் காப்பாற்ற வந்தவரல்லர்; கடுகுச் சாந்து தீர்ந்துவிடுமோ என்பதே அவர்கள் கவலை. வாரநாளில் ஷவர்மாவுக்கு வரிசையில் நிற்பவர்களும் அவர்களே.

இவரோ படமெடுத்து முடிப்பதற்குள் சொர்பா ஆறிவிடுகிறது. கடைசியில் பப்பனாஷ் வருகிறது: பாலாடைக்கட்டி மாவில் பொரித்த வளையம், தலையில் ஒரு குட்டி உருண்டை, மேலே பாலேடும் பழப்பாகும் வழிகின்றன. பாட்டியைப் பற்றிக் கேள்வி எழவில்லை. வாய் நிறைந்திருக்கிறது.