தவணை முறையில் துறவு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், வரலாற்று மாணவர்களுக்குப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகளாலும், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வானாலும் அறிமுகமான ஊர். இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் பெருஞ்செல்வத்தை அப்படியே விட்டுவிட்டு மனைவியுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து பொறியியல் படித்து அமெரிக்கா போய், டெக்சாசிலோ கலிபோர்னியாவிலோ வீடும் காரும் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பும் அமைந்த பிறகும் வங்கிக் கணக்கில் பணம் மிஞ்சுவதைக் கண்டு மனம் பொறாமல் சொந்தமாகச் சிறு விமானம் வாங்கும் தமிழரும் ஒரு வகையில் துறவியே. ஆழ்வான் ஒரே நாளில் செய்து முடித்ததை இவர் மாதத் தவணையில் செய்கிறார்.

சொந்த விமானம் என்றதும் கூரத்து உறவினர்கள் மனக்கண்ணில் காணும் சோபா, குளிர்பானம், பணிப்பெண் ஆகிய எதுவும் இதில் இல்லை. இவ்வகையினர் வாங்குவது பெரும்பாலும் செஸ்னா 172 என்னும், மூக்கில் ஒற்றை விசிறியும் தலைக்கு மேல் இறக்கையும் கொண்ட நான்கு இருக்கை விமானம். 1956 முதல் விற்பனையாகி 44,000-க்கும் மேல் செய்யப்பட்ட இதைவிட அதிகமாகத் தயாரான விமானம் உலகில் இல்லை. இதை இழுப்பது ஜெட் அன்று, காரில் இருப்பதுபோல் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், காற்றாலேயே குளிரும் அமைப்பு, 150 அல்லது 160 குதிரைத்திறன். புதியது 4 லட்சம் டாலருக்கு மேல் விற்பதால், நம்மவர் வாங்குவது 1970-களில் பிறந்ததாக, அதாவது பல நேரங்களில் அவருக்கே மூத்ததாக இருக்கும். இந்த விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்ட பிறகு பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஏம்ப்பா, லிட்டருக்கு எத்தினி கிலோமீட்டர் குடுக்குது?" மணிக்கு ஏறத்தாழ 32 லிட்டர் குடித்து 200 கிலோமீட்டர் போகும் வண்டி லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னதும், பேச்சு நாகரிகமாக நெல் விலைக்குத் திரும்பும்.

விமானம் வாங்கியதற்கு இவர் வெளியில் சொல்லும் காரணம் நேரம் மிச்சமாகும் என்பது. காரில் ஐந்து மணி நேரப் பயணம் வானத்தில் இரண்டு மணி நேரமாகக் குறையும் என்பது உண்மை; ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நடப்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. முந்தின இரவு வானிலை அறிக்கையைப் பார்ப்பார். விடியற்காலை எழுந்து மறுபடி பார்ப்பார். மேகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், காற்று எந்தத் திசை என்பதையெல்லாம் மனைவி கேட்காமலே சொல்வார். பிறகு காரில் ஹேங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்குப் போய், கதவைத் தள்ளி, விமானத்தைக் கையாலேயே வெளியே இழுத்து, இறக்கையிலிருந்து சக்கரம் வரை தடவிப் பார்த்து, கடைசியில் எரிபொருள் சோதனைக்கு வருவார். அடியில் சிறு ஊசி வைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குவளையை இறக்கையின் கீழுள்ள துளையில் அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். விமானப் பெட்ரோலுக்கு அடையாளமாக நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால், அது கனமானதால், நிறமற்ற குமிழாக அடியில் போய் உட்காரும். குவளை முழுக்கத் தண்ணீராகவே இருந்துவிட்டால் குமிழ் தெரியாது என்பதால் நிறத்தையும் பார்க்க வேண்டும். அவர் குவளையை வானத்துக்கு எதிரே தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் வீடியோவைக் கண்ட கூரத்து அத்தை, பால் சொசைட்டியில் தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்ப்பவரைப் போலவே இருக்கிறான் என்று சொன்னால், அந்த உத்தியோகத்தின் சாரத்தை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த அத்தையே அமெரிக்கா வந்தால் சிக்கல் வேறு. நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று எண்ணுவது இத்துறையில் பச்சைக் குழந்தைத்தனம். அந்தக் காலத்து 172 மொத்தம் 1,043 கிலோவுக்கு மேல் எழும்பக்கூடாது. வெறும் விமானமும் நிரம்பிய தொட்டியும் அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ள, மிச்சம் ஏறத்தாழ 290 கிலோ. ஆகவே, ஊரில் யாரும் யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வியைக் கையில் கால்குலேட்டருடன் இவர் கேட்க வேண்டியிருக்கிறது: "அத்தே, ஒங்க எடை எவ்ளோ?" அத்தை சொல்லும் எண்ணுடன் பாதுகாப்புக் கருதி ஐந்து கிலோ கூட்டிக்கொள்வதும், எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியமாதலால் அத்தையை முன் இருக்கைக்கும் மாமாவைப் பின்னுக்கும் மாற்றுவதும், ஆவக்காய் ஜாடியைத் தனியாகத் தராசில் வைப்பதும் குடும்பத்தில் நெடுநாள் பேசப்படும். மாமா பின்னால் உட்கார்ந்ததை மன்னித்துவிடுவார். ஜாடியை விட்டுவிட்டுப் போனதை அத்தை மன்னிக்க மாட்டார்.

செலவுக் கணக்கு இவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. மனைவிக்குக் காட்டும் கணக்கு, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கணக்கு, உண்மைக் கணக்கு என்று மூன்று இருக்கிறது. கொட்டகை வாடகையும் காப்பீடும் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் போகும். ஆண்டுக்கு ஒரு முறை முழுச் சோதனை உண்டு. அப்போது மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரிலும் 80 என்ற அளவில் காற்றழுத்தத்தைச் செலுத்தி எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார். 75 நின்றால் அன்று வீட்டில் பாயசம். 55 என்றால் வால்வு கசிகிறதா, வளையம் தேய்ந்ததா என்ற விசாரணை தொடங்கி, சிலிண்டரைக் கழற்றுவது வரை போகும். 2,000 மணி நேரம் ஓடிய எஞ்சினை முழுதும் பிரித்துப் புதுப்பிக்கத் தயாரிப்பாளர் பரிந்துரைப்பதால், ஒவ்வொரு மணி நேரப் பறப்புக்கும் ஒரு தொகையை அந்த நாளுக்காக எடுத்துவைக்க வேண்டும், எடுத்துவைப்பவர்கள் அபூர்வம். பாரத்தைக் குறைக்க மூன்று நான்கு பேர் பங்கு சேர்ந்து வாங்குவதும் உண்டு. அப்போது எல்லாப் பங்காளிகளுக்கும் சனிக்கிழமைக் காலைதான் வேண்டும், தொட்டியைக் காலியாக விட்டுப்போனவர் யார் என்பது மட்டும் ஒருபோதும் தெரியாது. கூரம் இருக்கும் அதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய உறவினரையும் தேர்தலிலிருந்து விலக்கிவைக்கிறது. அந்த விதி ஹேங்கர்களுக்கும் பொருந்துமானால் விமானப் பங்காளிகளின் மைத்துனன்மார்கூட எங்கும் நிற்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு பறந்து எங்கே போகிறார் என்றால், சாப்பிடப் போகிறார். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத் தளங்கள் சுமார் 5,000 இருப்பதால், ஒன்றிலிருந்து எழும்பி இன்னொன்றில் இறங்கி, அங்குள்ள உணவகத்தில் ஹாம்பர்கர் தின்று திரும்புவது அந்நாட்டு விமானக்காரர்களின் நெடுநாள் வழக்கம். நம்மவர் சைவர் என்றால் உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் தின்று திரும்புவார்; பையில் தயிர்சாதம் இருக்கும். போக இடமே இல்லாத வாரங்களில், பயணியை ஏற்றிச்செல்ல 90 நாளுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதி கைகொடுக்கிறது. ஓடுபாதையைச் சுற்றி மூன்று வட்டம் அடித்துவிட்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகனின் நிறைவோடு வீடு திரும்பி, லாக் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுவார். எழுதாத பறப்பு பறப்பாகாது என்பதில் இவர் உறுதியானவர்.

விடுமுறைக்குக் கூரம் வரும்போது இவருக்கு வரலாறு துணை. 1910-இல் சென்னையில், கோர்சிகாத் தீவைச் சேர்ந்த ஓட்டல்காரர் ஜாகோமோ தாஞ்சலிஸ் சிம்ப்சன் பட்டறையில் விமானம் கட்டுவித்துப் பறந்து, தீவுத்திடலில் கட்டணம் வைத்துக் காட்டியதைச் சொல்வார். விமானத்தால் காசு பார்த்த சொந்தக்காரர் இருந்தார் என்பதற்கு அவர் அறிந்த ஒரே சான்று அது. 1932-இல் ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தபோது வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்ததையும், 1950-இல் உஷா சுந்தரமும் அவர் கணவர் வி. சுந்தரமும் இரண்டு பிஸ்டன் எஞ்சின் பூட்டிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துக்குள் ஓட்டிவந்ததையும் சொல்லும்போது திண்ணையில் உண்மையான மரியாதை பிறக்கும். வெயில் நாளிலும், காற்றில் ஈரம் இருந்தால், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும் என்று அவர் தொடரும்போது அந்த மரியாதை போய்விடும்.

மீனம்பாக்கத்திலிருந்து கூரத்துக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அவர் விமானத்துக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஆனால் இங்கே பறக்க விமானத் தகவல் மையத்தின் எண்ணும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்க வேண்டும். வாங்கினாலும் இறங்க இடமில்லை. அரக்கோணத்து ராஜாளி தளம் கடற்படைக்குரியது. பக்கத்துப் பரந்தூரோ, 2022-இல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கென அறிவிக்கப்பட்டு, ஏகனாபுரத்து மக்கள் நிலம் தர மறுத்துப் போராடிய இடம். ஏகனாபுரத்தில் பெண் கொடுத்த பெரியப்பா, அது வந்தால் அவர் வண்டி அங்கே இறங்குமா என்று கேட்பார். பெரிய ஜெட்டுக்குப் பின்னால் காற்று சுழலும், சிறு விமானம் இரண்டு மூன்று நிமிடம் ஒதுங்கி நிற்க வேண்டும், ஆகவே பெரிய நிலையங்கள் இதை விரும்பமாட்டா என்று அவர் இழுத்து விளக்க, பெரியப்பா சொல்வார்: "அப்ப எங்க நெலம் போனாலும் ஒனக்குப் பிரயோசனம் இல்ல." பிறகு, எஞ்சின் தெரிந்தவர் என்பதால், கிளம்ப மறுக்கும் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். நம்மவர் மளமளவென்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, இடைவெளியைச் சரிசெய்து மாட்ட, நாலாவது இழுப்பில் அது உறுமிக் கிளம்பும். அமெரிக்க விதிப்படி விமானச் சொந்தக்காரர் தாமே செய்துகொள்ள அனுமதிக்கப்பட்ட சில வேலைகளில் பிளக் சுத்தம் செய்வதும் ஒன்று. ஆகவே ஊரே ஸ்பிரேயரைச் சுற்றி நிற்கும்போது, செய்த வேலையைத் தேதியோடு எழுதிக் கையொப்பமிட ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்குமா என்று அவர் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருப்பார்.