பூச்சாண்டி யார் கட்சி? கோச்சடையில் ஓர் ஒப்பாய்வு

பிள்ளைகளைக் காக்கும் வேலை யாருடையது என்ற கேள்வியை அறிஞர் உலகம் சரியாகக் கையாளவில்லை. பெற்றோர் என்று சிலரும் வாத்தியார் என்று சிலரும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். 2012-ல் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் ‘ரைஸ் ஆஃப் த கார்டியன்ஸ்’ என்ற அனிமேஷன் படத்தில் வேறொரு விடையை முன்வைத்தது. கிறிஸ்துமஸ் தாத்தா, பல் தேவதை, ஈஸ்டர் முயல், மணல் தூவித் தூங்கவைக்கும் குள்ள மனிதர், பனிப்பையன் ஜாக் ஃப்ராஸ்ட் ஆகிய ஐவர்தான் குழந்தைப் பருவத்தின் காவலர்கள். எதிரி, இருட்டுக்கும் கெட்ட கனவுக்கும் அதிபதியான பிட்ச். வில்லியம் ஜாய்ஸின் புத்தக வரிசையை வைத்து பீட்டர் ராம்சி இயக்கிய 97 நிமிடப் படம்.

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையை ஒட்டிய கோச்சடையில், மேலக்கால் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு மாடிவீட்டுக் கூடத்தில், முழுப்பரீட்சை லீவில் இந்தப் படம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மாதிரிக் குழு: அந்தத் தெருப் பிள்ளைகள். முதன்மைத் தகவலாளி: ஓர் அப்பத்தா. உபகரணம்: ஒரு சம்படம் முறுக்கு. கோச்சடை, அனிமேஷன் என்றதும் 2014-ல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் வந்த ‘கோச்சடையான்’ அல்லவா ஞாபகத்துக்கு வரவேண்டும் என்று கேட்கலாம். வந்தது. அதில் பூச்சாண்டி இல்லை என்பதால் ஆய்வு எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது. மாதிரிக் குழு இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

படம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கை நிறையப் பச்சை குத்தி, இரண்டு வாளைச் சுழற்றிக்கொண்டு, ரஷ்யக்காரர் தோரணையில் பேசும் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்ததும் கூடத்தில் விசில் பறந்தது. ஆனால் அதிக ஓட்டு வாங்கியவர் மணல்காரர். வாயே திறக்காமல், சொல்ல வந்ததையெல்லாம் தலைக்கு மேலே தங்க மணலில் படமாகக் காட்டுகிறார். அப்பத்தாவின் மதிப்பீடு: “பேசாம இருக்கவென்தான்டா வேலயப் பாப்பான்.”

சிக்கல் படத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. இந்தக் காவலர்களுக்குச் சோறு, பிள்ளைகளின் நம்பிக்கை. நம்பிக்கை குறைந்தால் பறக்க முடியவில்லை. சண்டியர் மாதிரி இருந்த முயல், கைக்குள் அடங்கும் குட்டியாகச் சுருங்கிவிடுகிறது. ஜாக்கை நம்ப ஆளே இல்லாததால் பிள்ளைகள் அவன் உடம்புக்குள் புகுந்து ஓடுகிறார்கள். கடைசியில் உலகத்திலேயே ஜேமி என்ற ஒரே ஒரு பையனின் நம்பிக்கையில் ஐந்து பேரின் பிழைப்பு தொங்குகிறது. படத்துக்கு வெளியிலும் கதை அப்படித்தான் போனது. ஏறக்குறைய 14.5 கோடி டாலர் போட்டு 30 கோடிக்கு மேல் வசூலித்தும் கம்பெனிக்குக் கணக்கு உதைத்தது; 2013-ல் சுமார் 350 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உலகக் குழந்தைகளைக் காப்பாற்றிய ஐவரால் தங்களை வரைந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இனி கோச்சடைக்கு வருவோம். இங்கே காவல் அய்யனாருடையது, முத்தையா சாமியுடையது. கோயிலில் நிற்கும் குதிரைகளின் உயரத்தைப் பார்த்தாலே உத்தியோகத்தின் தன்மை புரிந்துவிடும். அய்யனார் ராத்திரியில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார். மூன்றாம் வகுப்புப் பையன் நம்பவில்லை என்பதற்காக அய்யனார் இளைத்துப்போனதாகவோ, குதிரை நாய்க்குட்டி அளவுக்குச் சுருங்கியதாகவோ இந்த வட்டாரத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம்பாதவன் பாதையில் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். காவலுக்கும் காவல் வாங்குபவனின் கருத்துக்கும் சம்பந்தமில்லை என்பதே இங்குள்ள கோட்பாடு.

ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு பிட்ச் பற்றியது. அவன் திரையில் தோன்றியதும், பூச்சாண்டி வந்துவிட்டதாகப் பிள்ளைகளே அறிவித்தார்கள். அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனை நெடுநேரம் பரிசோதித்தார். பிறகு கேட்டார்: “சோத்தத் தின்னுன்னு ஒரு வார்த்த சொன்னானாடா இவென்? தூங்குன்னாவது சொன்னானா? இவெல்லாம் ஒரு பூச்சாண்டியா?”

இந்தக் கேள்வியின் ஆழத்தை ஹாலிவுட் கவனிக்கவில்லை. நம்மூர்ப் பூச்சாண்டி எதிர்க்கட்சி அல்ல. வீட்டு நிர்வாகத்தின் ஓர் ஊழியர். அஞ்சுகண்ணன், சாக்குமூட்டைக்காரன், பிள்ளை பிடிக்கிறவன், பாவம் தெருவோடு போகும் குடுகுடுப்பைக்காரர் எல்லோரும் அதே துறைதான். பணி நேரம்: ராத்திரிச் சாப்பாடு தொடங்கிப் பிள்ளை கண் மூடும் வரை. பணி: கடைசி மூன்று வாய்ச் சோறு. சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. வாசல்வரை வந்தே ஆகவேண்டும், உள்ளே நுழையக் கூடாது என்ற விசித்திரமான பணி விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. பிட்ச் நூற்றாண்டுக் கணக்கில் திட்டம் போட்டும் ஒரு குழந்தையைக்கூட ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட வைக்கவில்லை. இருட்டையும் பயத்தையும் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு உருப்படாமல் இருக்க முடியுமா என்பதே அப்பத்தாவின் ஆதங்கம்.

இதற்குப் பழைய சான்றும் உண்டு. பெரியாழ்வார் திருமொழியில் ‘அப்பூச்சி காட்டுதல்’ என்று ஒரு பகுதியே இருக்கிறது. அங்கே பயமுறுத்துவது வெளியாள் அல்ல, குழந்தைக் கண்ணன், பயப்படுவது ஆய்ச்சியர். அதாவது, பூச்சாண்டி வேலையைக் குழந்தையே எடுத்துச் செய்கிறது. பிட்சுக்கு இது தெரிந்திருந்தால் அன்றே ராஜினாமா செய்திருப்பான். இதே ஆழ்வார் பாண்டியன் அவையில் வாதில் வென்று, மதுரையில் யானை மேல் வரும்போது கருடன் மீது பெருமாள் காட்சி தந்தார் என்றும், ஊர்க் கண் பட்டுவிடுமே என்று பதறிப் பெருமாளுக்கே பல்லாண்டு பாடினார் என்றும் வைணவர்கள் சொல்வார்கள். காவலனுக்குக் காவல் போட்ட ஊர் இது. ஐவருக்கும் இப்படி ஒரு பெரியவர் வாய்த்திருந்தால் ஜேமி நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மதுரை தந்த இன்னொரு சான்றை ஜாய்ஸ் பார்க்காதது வருந்தத்தக்கது. திருமலை நாயக்கர் காலத்தில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், எல்லாப் பிள்ளைத்தமிழையும் போலக் காப்புப் பருவத்தில்தான் தொடங்குகிறது. திருமாலில் ஆரம்பித்து முப்பத்து மூவர் வரை வரிசையாக அழைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது புலவரின் முதல் வேலை. ஐந்து பேரை வைத்துக்கொண்டு உலகத்தையே காக்க முயன்றால் ஆள் பற்றாக்குறை வராமல் என்ன செய்யும்?

நிலாவையும் பாருங்கள். படத்தில் நிலாவில் ஒருவர் இருக்கிறார். ஜாக்கைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். ஆனால் முந்நூறு வருஷமாக, எதற்காக என்று அவன் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. ஜாக்கும் ஏங்கிக்கொண்டு திரிகிறான். பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவை முதலில் தன்மையாக அழைப்பார்கள். வராவிட்டால் சாமம், பேதம், தானம் தாண்டி தண்டம் வரை போய்விடுவார்கள். முந்நூறு வருஷம் காத்திருக்கும் வழக்கம் தமிழில் இல்லை. நமக்கு நிலாவில் இருப்பது வடை சுடும் பாட்டி. அவரிடம் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. வாசனைதான் எதிர்பார்க்கப்பட்டது.

பல் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மோசம். படத்தில் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தேவதையின் ஆட்கள் காசு வைத்துவிட்டு எடுத்துப் போகிறார்கள். பல்லுக்குள் பிள்ளையின் ஞாபகங்கள் பத்திரமாக இருக்குமாம். நம் முறைப்படி, பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். ஞாபகத்துக்குக் காப்பகம் கிடையாது. புதுப்பல் முளைத்தால் போதும். ஓட்டுவீடு இருந்தவரை இது சிக்கலில்லாமல் நடந்தது. இப்போது மேல்மாடியில் குடித்தனம் இருக்கிறது. சமீபத்தில் வீசப்பட்ட ஒரு பல், சாணியோடு, காயப்போட்ட வேட்டியில் போய் ஒட்டியது; அதற்குப் பின் இரு குடும்பங்களுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. காசு வைக்கும் முறையைப் பிள்ளைகள் ஒருமனதாக வரவேற்றார்கள். ஏற்கெனவே விழுந்த பற்களுக்கு முன்தேதியிட்டுப் பணம் கிடைக்குமா என்றும் விசாரித்தார்கள்.

ஈஸ்டர் முயல் பகுதியில் ஆய்வு முட்டுக்கட்டையைச் சந்தித்தது. சுரங்கத்திலிருந்து கால் முளைத்து நடந்து வரும் வண்ண முட்டைகளைப் பார்த்த அப்பத்தா, படத்தை நிறுத்தச் சொன்னார். “முயலுக்கும் முட்டைக்கும் என்னடா சம்பந்தம்? பிள்ளைகளுக்குப் பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?” மாதிரிக் குழுவும் தலையாட்டி ஆமோதித்தது. அந்தக் குழுவில் நாலாம் வகுப்புப் பெண்ணொருத்தி, அறிவியல் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் மயிலிறகு வைத்து, குட்டி போடும் என்று தினமும் பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டு வருகிறாள். அதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது, குட்டி போடும்வரை புத்தகத்தை அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.