தகடூர் நோக்கில் ஒருவரிச் செய்தியின் ஆயுள்: ஓர் ஆய்வு

மனிதன் உண்டாக்கிய செய்திகளுள் மிகக் குறைந்த ஆயுள் கொண்டது எது? தேர்தல் வாக்குறுதி என்பார்கள். தவறு. அது அடுத்த தேர்தல் வரையாவது நினைவில் இருக்கும். ‘உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது’ என்று ஜாவாவில் எழுதிய வலைச்செயலி சொல்ல வாயெடுக்கும் ஒற்றை வரிதான் சரியான விடை. வாயெடுப்பதோடு சரி; சொல்லி முடிப்பதற்குள் பக்கம் மாறிவிடும்.

இவ்வாய்வுக்குக் களம் தருமபுரி மாவட்டம்; தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். பேருந்துச் செலவு குறைவு என்பது முதற்காரணம். மற்ற காரணங்கள் உரிய இடத்தில் வரும்.

நோயின் மூலத்தை முதலில் பார்ப்போம். படிவத்தை நிரப்பிச் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துகிறோம். சர்வர் வேலையை முடித்து அங்கேயே விடைப் பக்கத்தைக் காட்டினால் வம்பு: யாராவது எஃப்5 தட்டினால், இடையில் வரும் எச்சரிக்கைக்கும் சரி என்றால், அதே விண்ணப்பம் மறுபடியும் போகும். ஆகவே வேலை முடிந்ததும் ‘வேறு முகவரிக்குப் போ’ என்று பிரவுசரைத் திருப்பிவிடுவது வழக்கமாயிற்று. இதற்கென்றே 303 என்ற எண் 1997-இல் எச்டிடிபி 1.1-உடன் வந்தது. ஆனாலும் ஜாவா சர்வ்லெட்டின் ‘சென்ட்ரீடைரக்ட்’ பழைய 302-ஐயே அனுப்பிவந்தது. பழக்கத்தை விடுவது யாருக்கும் சுலபமில்லை. இந்த முறையை விளக்கி மைக்கேல் ஜுராவ்லேவ் எழுதிய கட்டுரை 2004-இல் வெளியானது.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் 2004-இல்தான், பிப்ரவரியில். அடுத்த மாதமே ஜாவா வலைச்செயலிகளுக்கான சட்டகமான ஜேஎஸ்எஃப் 1.0 வெளிவந்தது. இவை தற்செயல் என்போர் உண்டு. நாம் அந்த அணியில் இல்லை. தருமபுரியே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். நேற்றுவரை போன அலுவலகம் இன்று வேறு ஊருக்குத் திருப்பிவிடுவதில் இப்பகுதி மக்களுக்குக் கிடைத்த பயிற்சி கலிபோர்னியாவில் எவருக்கும் கிடைத்திருக்காது.

திருப்பிவிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. எச்டிடிபிக்கு ஞாபகமே கிடையாது. திருப்பி அனுப்பப்பட்டு வரும் இரண்டாவது கோரிக்கை, அதைப் பொறுத்தவரை முன்பின் தெரியாத ஆள். முதல் கோரிக்கையில் வைத்த செய்தி அந்தக் கோரிக்கையோடு போய்ச் சேர்ந்தது. ஜேஎஸ்எஃப்பில் ஃபேசஸ்கான்டெக்ஸ்டில் இட்ட செய்திக்கும் அதே கதிதான்.

இதன் சமூக விளைவைப் பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ எந்த பிரவுசிங் சென்டரிலும் கேட்கலாம்:

“ஆயிடுச்சுங்களா?”

“ஒண்ணுமே சொல்லலைங்களே. பழைய பக்கத்துக்கே வந்து நிக்குது.”

“அப்ப இன்னொருக்கா அமுக்கிப் பாருங்க தம்பி.”

இரட்டை விண்ணப்பத்தை ஒழிக்கப் பிறந்த ஏற்பாடு, ஒரு வரி தொலைந்ததால் இரட்டை விண்ணப்பத்தை உண்டாக்குகிறது.

தீர்வு கண்டவர்கள் பல பள்ளியினர். செய்தியை முகவரியின் வாலிலேயே கட்டி அனுப்புவோர் முதற்பள்ளி. அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், எதையுமே சமர்ப்பிக்காத மைத்துனருக்கும் ‘வெற்றி’ என்று வரும். வாலில் வந்ததைச் சோதிக்காமல் பக்கத்தில் அச்சிட்டால் விஷமிகள் தங்கள் நிரலையும் ஏற்றி அனுப்புவார்கள். இப்பள்ளியை இத்துடன் விட்டுவிடலாம்.

இரண்டாம் பள்ளி, ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைத்திருக்கும் செஷனில் செய்தியைப் போட்டு வைக்கும். செய்தி பிழைத்துக்கொள்ளும், அதுதான் சிக்கல். எடுத்துக் காட்டியபின் அழிக்க மறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அதே வாழ்த்து. இங்கே தருமபுரிச் சான்று கைகொடுக்கிறது. இம்மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரை வட்டெழுத்தில் வெட்டி நிறுத்தியவர்கள், அந்தச் செய்தி எத்தனை தலைமுறை நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். கல் நடுவதற்குக் காட்சி தொடங்கி வாழ்த்து வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. ‘கடவுச்சொல் மாற்றப்பட்டது’ என்பதற்கு நடுகல் ஆயுளை நம் நிரலாளர்கள் ஒரு நிலைகூட யோசிக்காமல் தந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் பள்ளிக்குத் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதே முன்மாதிரி. தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் காட்டிய படைக்கலங்களைப் பார்த்தார். நெய் பூசி மாலை சூட்டிப் பத்திரமாக இருக்கின்றன என்று பாராட்டி, எங்கள் மன்னனுடையவையோ குத்தி முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். இது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இவ்வாய்வுக்கு வேண்டிய நுட்பம்: செய்தி உரிய இடத்தில், உரிய ஆளிடம், ஒரே ஒரு தடவை சொல்லப்பட்டது. தொண்டைமான் எஃப்5 தட்டியிருந்தாலும் ஔவை மறுபடி சொல்லியிருக்க மாட்டார்.

இந்தத் தூது முறை ஜாவாவுக்கு வந்து சேரத் தாமதமாயிற்று. அதுவரை ஜேஎஸ்எஃப்பில் ஃபேஸ்லிசனர் என்ற நிரலைத் தாங்களே எழுதி, செய்திகளைச் செஷனில் ஒளித்து, அடுத்த பக்கம் வரையுமுன் எடுத்து வைத்துக் காலம் தள்ளினார்கள். 2009-இல் ஜேஎஸ்எஃப் 2.0 ஃபிளாஷ் என்ற ஏற்பாட்டைத் தந்தது. ரூபி ஆன் ரெயில்ஸிடமிருந்து எடுத்ததென்று ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது பெருந்தன்மை. ‘செட்கீப்மெசேஜஸ்’ என்று ஒரு வரி எழுதினால் செய்தி அடுத்த பக்கம் வரை உயிரோடிருக்கும், பிறகு தானாகப் போகும். அதை எழுத மறப்பவர்களைப் பற்றி இவ்வாய்வு மௌனம் காக்கிறது.

ஜாவாவின் இன்னொரு சட்டகமான ஸ்பிரிங் 3.1 அதே வசதியை 2011 டிசம்பரில் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்தது, தூது எந்த முகவரிக்கு என்றும் குறித்து வைப்பது. ஒரே செஷனில் இரண்டு டேப் திறந்திருந்தால் பட்டாவுக்கு வந்த செய்தி ரேஷன் கார்டுப் பக்கத்தில் போய் நிற்காது. இரண்டு டேப்பிலும் ஒரே பக்கம் என்றால் அதுவும் கைவிரிக்கும்.

தூது வழியில் தொலைந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கும் ஸ்பிரிங் கணக்கு வைத்திருக்கிறது: 180 விநாடி, அதற்குமேல் செய்தி செல்லாது. பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும் ஒகேனக்கல் பேருந்தில், ‘சமர்ப்பி’யை அழுத்திய கணத்தில் சிக்னல் போய்விட்டால் இந்தக் கெடு போதுமா என்பதை அடுத்த ஆய்வில் சோதிக்க உத்தேசம். பேருந்துச் செலவுக்கும் வறுத்த மீனுக்கும் நிதி கோரும் விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பதிவானதா என்று பக்கம் ஒன்றும் சொல்லவில்லை.