35 அங்குல வீரம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கால்கரியில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களின் தொலைநோக்கை மெச்ச வேண்டும். வீட்டிலிருந்து காபிக் கடை வரை தார்ச்சாலைதான். ஆனால் நடுவில் ராக்கி மலை திடீரென்று முளைத்துவிட்டால்? அதற்காகவே கம்பெனி கொடுத்த 32 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, சேற்றுக்கென்றே செய்த 35 அங்குலத்தை மாட்டுகிறார்கள்.

லாபங்களைப் பாருங்கள். புது டயர் மட்கார்டில் உரசும். ஆகவே வண்டியையே உயர்த்தலாம். உயர்த்தினால் ஏற முடியாது, படி வைக்கலாம். ஸ்டெப்னி அதன் இடத்தில் அடங்காது. பின்தொட்டியில் போட்டுவிடலாம், அங்கே வேறு சாமான் எதுவும் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. வேகமானி 100 காட்டும்போது வண்டி 109-இல் பறக்கும். போலீஸ் நிறுத்தும்வரை அது இலவசம். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். எண்ணெய் எடுத்துப் பிழைக்கும் ஆல்பர்ட்டாவில் அதற்குப் பெயர் நாட்டுப்பற்று.

முதல் பனி விழுந்த காலையில், சிக்னலில் டிரக் கம்பீரமாகப் பக்கவாட்டில் வழுக்கியது. ஒல்லியான குளிர்கால டயர் போட்ட குட்டிக் கார் ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போயிற்று. டிரக்காரர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: 35 போதவில்லை.

37 அங்குலமும் கிடைக்கிறது. பனி உருகுவதற்குள் கடையில் சொல்லி வையுங்கள்.